சீறினால் சரி

பச்சோந்தி ஒளிந்துகொள்வதற்காக நிறம் மாறுகிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒளிந்துகொள்ள அதன் சாதாரணப் பச்சையே போதும். மாறுகிற நிறங்களில் பெரும்பங்கு இன்னொரு பச்சோந்தி பார்ப்பதற்கானது. 2013-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் லைகனும் கெவின் மெக்ராவும் ஆண் பச்சோந்திகளை எதிரெதிரே விட்டுப் படம்பிடித்துப் பார்த்தார்கள். உடம்புப் பட்டைகள் எதற்கு அதிகம் பிரகாசிக்கின்றனவோ அது எதிரியை நெருங்கிப் போகிறது. எதன் தலையில் நிறம் வேகமாக ஏறுகிறதோ அது பெரும்பாலும் ஜெயிக்கிறது. 2015-இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் மிஷெல் மிலிங்கோவிச்சின் குழு, தோலுக்கடியில் குவானின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருப்பதையும், பிராணி கிளர்ச்சியடையும்போது படிகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கூடி, நீலம் தெறித்த இடத்தில் மஞ்சளும் சிவப்பும் தெறிப்பதையும் கண்டுபிடித்தது. கோபம், பயம், தோல்வி, குளிர், சூல் என்று சகலத்தையும் தோலில் எழுதி ஊரறியக் காட்டுகிற பிராணி.

நோயை மட்டும் எழுதாது. மரத்தில் தன்னந்தனியாக வாழ்கிற உயிர். கூட்டம் கிடையாது, ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. தளர்ச்சி வெளியே தெரிந்தால் அதை முதலில் கவனிப்பது பாம்பும் பறவையும்தான். ஆகவே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் கிளையை இறுகப் பற்றிக்கொண்டு, இரண்டு கண்களையும் இரண்டு திசையில் உருட்டியபடி நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கும். பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டால், உச்சிக் கிளையை விட்டு இறங்கிக் கூண்டின் தரையில் கிடந்தால், அன்றைக்கு நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதை மறைக்கிற தெம்பு அன்றைக்குத் தீர்ந்துபோயிருக்கிறது. பச்சோந்தி வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் சொல்கிற முதல் வாக்கியம் ‘நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது’ என்பதாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆலிவ் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தத் தெம்பு தீர்ந்திருந்தது. நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஒரு புறநகரில். மகளின் கல்லூரித் தோழி ஒருத்தி படிப்பு முடிந்து வேறு மாநிலத்துக்குக் கிளம்பும்போது, கூட்டிப்போக வழியில்லாமல் கூண்டோடு விட்டுப்போனது. ஏமன் பச்சோந்தி இனம், பெண், வயது ஒன்றைத் தாண்டியிருக்கும். ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதிகளிலும் வாழ்கிற இனம் இது; அமெரிக்கக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் கூண்டில் பொரித்தவை. ஊர்வனச் சந்தைகளில் பிளாஸ்டிக் குவளைக்குள் ஒவ்வொரு குஞ்சாகப் போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். நம் ஊர்ப் பச்சோந்தியை இப்படி விலைக்கு வாங்கி வளர்க்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும், நின்றதும் நல்லதுதான். புளோரிடாவில் இந்த ஏமன் இனம் கூண்டை விட்டு வெளியேறித் தானாகவே பெருகியும் விட்டது. மிச்சிகன் குளிரில் அப்படித் தப்பிப் பிழைக்க வழியில்லை.

அதன் வலது முன்கையைத்தான் முதலில் பார்த்தேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இன்னொரு முழங்கை முளைத்ததுபோல ஒரு வளைவு. கிளையைப் பற்றுவதற்காக அந்தக் கையை நீட்டும். இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்திருக்கிற விரல்கள் கிளைக்கு ஒரு விரற்கடைக்கு இப்பால் மூடிக்கொள்ளும். ஒன்றும் அகப்படாமல் மறுபடி விரியும். கீழ்த்தாடை மேல்தாடையோடு பொருந்தாமல் ஒருபக்கம் இறங்கியிருந்தது. அந்த இடுக்கில் நாக்கின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. தலைக்கொண்டையும் கண்ணும் வாலும் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நிறம்கூட நல்ல பச்சை.

ஊர்வனவற்றைப் பார்க்கிற கால்நடை மருத்துவர்கள் இங்கேயும் குறைவு. எங்களுக்குக் கிடைத்தவர் வயதான ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். எக்ஸ்ரேயைத் திரையில் போட்டார். எலும்பு தெரியவேண்டிய இடத்தில், சுற்றியிருக்கிற சதையைவிடச் சற்றே வெளுத்த ஒரு கோடு, அவ்வளவுதான். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசை இயங்காது, இதயமும் தசைதான். அதனால் குறையும்போதெல்லாம் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்கிறது. வரவில்லாத வீட்டில் நகையை விற்றுச் சோறு பொங்குவதை ஒத்த ஏற்பாடு. எத்தனை நாளைக்கு ஓடும்?

வரவு ஏன் இல்லை என்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று தீனி. கடையில் வாங்குகிற சிள்வண்டுப் பூச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பச்சோந்திக்கோ பாஸ்பரஸைவிடக் கால்சியம்தான் அதிகம் வேண்டும். அதனால் பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டித்தான் போடவேண்டும். இரண்டாவது, வெயில். பொடியில் இருக்கிற கால்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறவேண்டுமானால் வைட்டமின் டி3 வேண்டும். 290-லிருந்து 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர் பட்டால் தோல் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், இந்தக் கதிரை விடாது. இதற்கென்றே விற்கிற விளக்குகள் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ இந்தக் கதிரை இழந்துவிடும். வெளிச்சம் மட்டும் அப்படியே எரியும். விளக்கு ஒருநாளும் அணைந்ததில்லை என்று ஆலிவை விட்டுப்போன தோழி எங்கள் மகளிடம் போனில் அழுதுகொண்டே சொன்னாளாம். பொய்யில்லை. கூண்டோடு வந்த விளக்கு எங்கள் வீட்டிலும் பளிச்சென்று எரிந்தது. கதிர் அளக்கிற கருவியை மருத்துவர் அதன் அடியில் காட்டினார், முள் நகரவில்லை.

மனிதக் குழந்தைகளுக்கு வந்த இதே நோய்க்கு ரிக்கெட்ஸ் என்று பெயர். புகை மூடிய வடக்கத்திய நகரங்களின் நோய். 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின்கீழ்ப் படுக்க வைத்தார். ஒரு கையில் மட்டும் கதிர் பட்டாலும் மறு கையின் எலும்பும் சேர்ந்து தேறுவதை அவர் எக்ஸ்ரேயில் காட்டினார். தோலில் உண்டாகிற ஏதோ ஒன்று உடம்பெல்லாம் பரவுகிறது என்பதற்கு அது சாட்சியாயிற்று. ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு அந்த நோயை வரவழைத்து, காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தால் குணமாகிறது என்று நிறுவினார். வெயிலும் மீனெண்ணெயும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பது பிறகு தெளிந்தது.

1988-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாஸ்டன் நகரில் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வெயிலில் தோலைக் காட்டிக்கொண்டு நின்றாலும் இந்த வைட்டமின் உண்டாவதில்லை என்று காட்டியது. பாஸ்டனைப் போலவே டெட்ராய்ட்டும் 42-ஆவது அட்சரேகையில்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் சமையலறை அலமாரியில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் டி3 மாத்திரைப் புட்டி நிற்கும். எங்கள் வீட்டிலும் நிற்கிறது. மேலூர்ப் பக்கத்துக் கம்மாய்க் கரையில் விளையாடினால் கறுத்துப்போவாய் என்று அம்மா அதட்டி உள்ளே இழுத்த உடம்புக்கு, வெயிலை மாத்திரையாக்கித் தருகிறார்கள். ஏமன் மலையிலிருந்து வந்த வம்சமும் மதுரை ஜில்லாவிலிருந்து வந்த வம்சமும் ஒரே கூரையின்கீழ் ஒரே பற்றாக்குறையோடு இருப்பது எனக்குச் சிரிப்பைத் தந்தது. மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் புட்டியையும் ஆலிவின் மருந்துப் புட்டியையும் தனித்தனி அலமாரியில் வைக்கச் சொன்னாள்.

மாத்திரையைவிட வெயில் ஏன் மேல் என்பதற்கு ஒரு ஆராய்ச்சி உண்டு. டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி ஃபெர்குசனும் கிரிஸ்டோஃபர் கார்ஸ்டனும் மற்றவர்களும் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை வைத்துச் செய்து, 2009-இல் வெளியிட்டது. தீனியில் டி3 குறைவாகக் கிடைத்தவை கதிருக்கு அதிகம் வந்து நின்றன. நிறையக் கிடைத்தவை ஒதுங்கிக்கொண்டன. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அதற்கு எப்படியோ தெரிகிறது. பொடியாகக் கொடுத்தால் இந்தக் கணக்கு நம் கைக்கு வந்துவிடுகிறது. கூடிப்போனால் கால்சியம் இரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் படியும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகளில் முதல் வரி ‘வெயில்’ என்றிருந்தது. ஆலிவ் கோடையின் தொடக்கத்தில் வந்தது அதன் அதிர்ஷ்டம். பாதி நிழல் விழும்படி கூண்டைக் கொல்லைப்புறப் புல்தரையில் கொண்டுவைத்தோம்.

மற்ற மருந்துகள்: அன்றைக்கே ஒரு கால்சியம் ஊசி, வலிக்கு மெலாக்சிகாம், வீட்டில் கொடுக்கக் கால்சியம் சிரப். வளைந்த கைக்குக் கட்டுப் போடவில்லை. எலும்பே இளகியிருக்கும்போது, கட்டு எங்கே முடிகிறதோ அங்கே அடுத்த முறிவு வரும் என்றார். உயரமான கிளைகளை எடுத்துவிட்டு, தாழ்வாகவும் நெருக்கமாகவும் புதிதாகக் கட்டினோம். தரையில் பழைய டர்க்கித் துண்டு. நிற்கிற தண்ணீரை இது தண்ணீர் என்று அறியாது, இலையில் வழியும் சொட்டைத்தான் நக்கும். ஆகவே வலைக்கூரை மேல் அடியில் ஊசித்துளை போட்ட ஒரு டப்பா.

சிரப் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆரோக்கியமான ஏமன் பச்சோந்திக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அது கறுக்கும், உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக விரித்துப் பெரிதாகக் காட்டும், கழுத்துப் பையை உப்பிக்கொள்ளும், வாயைப் பிளந்து சீறும். மருந்து கொடுப்பவர்கள் இந்தக் கோபத்தையே உபாயமாக்கிக்கொள்கிறார்கள். பிளந்த வாயின் ஓரத்தில் சிரிஞ்சின் முனையை வைத்து ஒரு சொட்டு. மூடி விழுங்கியதும் கையை இன்னொரு முறை காட்டினால் மறுபடி பிளக்கும், மறுபடி ஒரு சொட்டு. வைகிற வாயில் வைத்தியம்.

ஆலிவுக்குக் கோபம் வரவில்லை. கையைக் கொண்டுபோனால் ஒரு கண் திரும்பிப் பார்த்தது, அதோடு சரி. தாடைக்கடியில் தொங்குகிற தோலை இரண்டு விரலால், எலும்பில் படாமல், மெல்லக் கீழே இழுக்கவேண்டியிருந்தது. வாய் ஒரு நூலளவு திறக்கும். மூச்சுத்துளை நாக்கினடியிலேயே இருப்பதால் நடுவில் ஊற்றிவிடக் கூடாது. கன்னத்து ஓரமாகச் சொட்டவேண்டும். ஒரு சொட்டு விட்டபின் கழுத்துத் தோல் அசைகிறதா என்று பார்த்துக் காத்திருந்து, அசைந்த பிறகே அடுத்தது. மனைவி செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “எதுக்கவே மாட்டேங்குதேங்க” என்பாள் ஒவ்வொரு தடவையும். எதிர்க்காத நோயாளி என்றால் நம் ஆஸ்பத்திரிகளில் நர்சுகளுக்குச் செல்லப்பிள்ளை. இங்கே அதுதான் மோசமான அறிகுறி.

நாக்கும் வேலைசெய்யவில்லை. பச்சோந்தி நாக்கின் சூட்சுமம் தொண்டையில் இருக்கிற ஒரு கூரிய எலும்பில் இருக்கிறது. அதைச் சுற்றி உருளையாக ஒரு தசை. தசைக்கும் எலும்புக்கும் நடுவே கொலாஜன் உறைகள். தசை இறுகும்போது உறைகள் நீண்டு விசையைச் சேர்த்துவைக்கின்றன. தசை எலும்பின் முனையைத் தாண்டி நழுவியதும் சேர்த்த விசை முழுவதும் ஒரே கணத்தில் விடுபடுகிறது. 2016-இல் கிறிஸ்டோஃபர் ஆண்டர்சன் பல இனங்களை அளந்து பார்த்ததில், கட்டைவிரல் அளவுள்ள சின்ன இனங்களின் நாக்குதான் மிக வேகமாகக் கிளம்பியது. புவியீர்ப்பைப்போல் இருநூற்றைம்பது மடங்குக்கு மேற்பட்ட முடுக்கம். இத்தனையும் நடக்க எலும்பு உறுதியாக இருக்கவேண்டும், தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். ஆலிவ் பூச்சியைப் பார்க்கும். இரண்டு கண்களும் ஒரே புள்ளியில் வந்து குவியும். வாய் சற்றே திறந்து, நாக்கின் உருண்டை முனை உதட்டுக்கு வெளியே வந்து நிற்கும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மூடிக்கொள்ளும். பட்டுப்புழுவை இடுக்கியால் எடுத்து உதட்டில் வைத்தால், எப்போதாவது மென்றது.

இந்தப் பராமரிப்பில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது மருந்தோ செலவோ இல்லை. போய்ப் பார்க்காமல் இருப்பதுதான். நமக்குத் தெரிந்த நோயாளி உபசாரம் வேறு. ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பஸ் பிடித்துப் போய்க் கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். போகாவிட்டால் பத்து வருஷம் சொல்லிக்காட்டுவார்கள். நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது நம்முடைய வைத்தியத்தில் பாதி. பச்சோந்திக்கு நாம் பெரிய கண்கள் உள்ள, நேருக்குநேர் உற்றுப் பார்க்கிற மிருகம். கூண்டருகே நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் அதற்குப் பயம். பயம் தீனியையும் செரிமானத்தையும் கெடுக்கிறது. ஆகவே மூன்று பக்கமும் வேட்டியால் மறைத்தோம். விளக்கும் தண்ணீரும் தானாக நேரம் பார்த்து நடக்கும்படி செய்தோம். மருந்துக்குப் போவது, வருவது, அதோடு சரி. மகள் லீவில் வந்தபோது கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். “கண்ணு, நீ பேசறது உனக்கு ஆறுதல்” என்றேன். முறைத்துவிட்டு எழுந்துபோனாள்.

தன் பச்சோந்தி தன்மேல் ஆசையாக ஏறி விளையாடுவதாகப் படம் எடுத்துக் காட்டுபவர்களைப் பார்க்கிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை. மனித உடம்பு கதகதப்பானது, தோள் உயரமானது. இருக்கிற இடத்தில் உயரமான இடத்துக்கு ஏறுவது அதன் தப்பிக்கும் வழி. கொஞ்சம் பழகிக்கொள்ளும், கையைக் கண்டால் ஓடாமல் இருக்கும். அந்த அளவு உண்மை. அதற்குமேல் போடுகிற கணக்கு நம் பக்கத்துக் கணக்கு.

பிளினி காலம்தொட்டு ஐரோப்பாவில் பச்சோந்தி காற்றைத் தின்றே வாழ்கிறது என்று எழுதிவைத்திருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில்கூட அந்த வாதம் ஓயவில்லை. பாரிஸில் நாவலாசிரியை மதலேன் த ஸ்கூதெரிக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து பச்சோந்திகள் வந்தன. அவற்றை வீட்டில் வைத்து வளர்த்து, அந்தக் கதையை 1688-இல் அச்சிட்டார். அதே நகரில் குளோத் பெரோ இறந்த பச்சோந்தியை அறுத்துப் பார்த்து 1669-இலேயே விவரித்திருந்தார். காற்றுத் தீனி என்ற நம்பிக்கை இத்தனை நாள் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் இருக்கிறது. பச்சோந்தி சாப்பிடாமல் வாரக்கணக்கில் கிடக்கும், நிறமும் நன்றாகவே இருக்கும். குளிர் நாட்டுக் கூடத்தில், வெயிலில்லாமல் மெல்லச் செத்துக்கொண்டிருந்த பிராணியைப் பார்த்து, காற்றைக் குடித்து எவ்வளவு சௌக்கியமாக வாழ்கிறது என்று வியந்திருப்பார்கள். ஆலிவை அன்று கூண்டோடு ஒரு வாரம் கூடத்தில் வைத்திருந்தால் எங்கள் விருந்தாளிகளும் அப்படித்தான் வியந்திருப்பார்கள்.

அம்மா ஊரிலிருந்து போனில் விசாரிப்பார். “ஓணானுக்கா இம்புட்டுச் செலவு?” ஓணான் வேறு, இது வேறு என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். செலவைப் பற்றி அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எக்ஸ்ரே ஒன்றுக்குக் கொடுத்த பணத்தில் இதேபோல் இன்னொன்று வாங்கலாம். ஆயுளும் பெரிதில்லை, பெண்ணுக்குக் கூண்டில் நான்கைந்து வருஷம் நல்ல ஆயுள். மடகாஸ்கரில் லபோர்டு பச்சோந்தி என்றொரு இனம், முட்டைக்குள் எட்டு ஒன்பது மாதம் இருந்துவிட்டு, வெளியே வந்து நான்கைந்து மாதத்தில் வளர்ந்து, கூடி, முட்டையிட்டுச் செத்துப்போகிறது. வெளியுலகத்தைவிட ஓட்டுக்குள் இருந்த காலம் அதிகம். அதோடு ஒப்பிட்டால் ஆலிவுக்குக் கிடைப்பது தீர்க்காயுசு என்றேன். அம்மா பேச்சை மாற்றி, ரேஷன் கடைக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

கொன்றுவிடும் யோசனையை மருத்துவர் முதல்நாளே எடுத்துவைத்தார், நாங்கள் கேட்கும்முன். ஊர்வனவற்றின் மூளை பிராணவாயு இல்லாமலும் நெடுநேரம் தாங்கும். அதனால் முதலில் முழு மயக்கம், அப்புறம் இதயத்தை நிறுத்தும் மருந்து, அதன் பிறகும் மூளை இயங்காதபடி செய்து முடிப்பது என்று படிப்படியாகச் செய்யவேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் தூங்கியபடியே போய்விடும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். இந்த அளவுப் பிராணிக்கு அது சித்திரவதை என்றார். கேட்டுவிட்டு, இப்போது வேண்டாம் என்றோம். ‘தண்ணீர் சொட்டினால் வாயைக் கொண்டுபோகிறதா?’ என்று கேட்டார். கொண்டுபோகிறது. ‘அப்படியானால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்’ என்றார். இந்த ஒரு விஷயத்தில் மனித மருத்துவர்களைவிடக் கால்நடை மருத்துவர்கள் பாக்கியசாலிகளா, பாவப்பட்டவர்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் கடைசி மாதங்களில் இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்க யாருக்கும் அனுமதியில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை கடைசியில் புல்தரையில் கூண்டு இருந்தது. கிளையில் படுத்திருந்த ஆலிவ் திடீரென்று ஒரு கண்ணை மேலே திருப்பி அசையாமல் வைத்துக்கொண்டது. அண்ணாந்து தேடினேன். வெகு உயரத்தில் ஒரு பருந்து. எனக்குப் பொட்டாகத் தெரிந்தது அதற்கு முழுசாகத் தெரிந்திருக்கிறது. அந்த வாரத்திலிருந்து கிளையில் உடம்பைத் தூக்கி நிற்க ஆரம்பித்தது. ஆகஸ்டில் ஒரு காலை சிரிஞ்சோடு கதவைத் திறந்தேன். பச்சையின்மேல் கரும்புள்ளிகள் கிளம்பின, விலா தட்டையாயிற்று, கழுத்துப் பை இறங்கிற்று. சின்னச் சத்தம்தான், பிரஷர் குறைந்த டயர் வால்வை அழுத்தினால் வருமே, அவ்வளவு. “சீறிடுச்சு!” என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். மனைவி மாவுக் கையோடு ஓடிவந்தாள். அவளைப் பார்த்தும் சீறியது. அன்றைக்குச் சிரப் கொடுப்பது சுலபமாக இருந்தது. வாய் தானே திறந்திருந்ததே.

கை நேராகவில்லை, இனி ஆகாது. வளைந்தபடியே இறுகிவிட்டது. கிளையை எட்டிப் பிடிக்க அது ஒரு கோணல் வழி கண்டுபிடித்துக்கொண்டது. நாக்கு பழைய தூரத்தில் பாதிக்குப் போகிறது. அதற்கேற்பப் பூச்சிக் கிண்ணத்தைக் கிட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறோம்.

நிம்மதி அதோடு முடியவில்லை. ஏமன் பச்சோந்தியில் பெண் ஆண்துணை இல்லாமலே முட்டையிடும், ஒரே ஈட்டில் டஜன் கணக்கில். ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் தாயின் உடம்பிலிருந்துதான் போகவேண்டும். அப்போதுதான் தேறிய எலும்பு. தீனியையும் கூண்டுச் சூட்டையும் குறைத்தால் முட்டை குறையும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். தேறிவருகிற பிள்ளைக்குச் சோற்றைக் குறைக்க மனைவிக்கு மனம் வரவில்லை. மருத்துவர் சொன்னதால் குறைத்தோம். செப்டம்பரில் மஞ்சளும் நீலமுமாகத் திட்டுகள் கிளம்பின. ஈர மணல் நிரப்பிய வாளியை உள்ளே வைத்தோம். இடம் பிடிக்காவிட்டாலும், யாராவது பார்ப்பதாகத் தெரிந்தாலும் தோண்டுவதை நிறுத்திவிட்டு முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும், அடக்கினால் சாவு. வேட்டியை நாலாவது பக்கமும் போர்த்திவிட்டு, வீட்டில் அந்தப் பக்கம் போவதையே விட்டோம். இரண்டு நாள் கழித்து மணலை மூடிவிட்டு, வயிறு ஒட்டி, மணல் ஒட்டிய முகத்தோடு கிளைக்கு ஏறியிருந்தது. மறுபடி கால்சியம், மறுபடி எக்ஸ்ரே. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

டிசம்பரில் ஊருக்குப் போனோம். திருமங்கலம் தாண்டி ஒரு கிராமத்துச் சாலையில், தாரின் நடுவே, நம் ஊர்ப் பச்சோந்தி ஒன்று ஒரு காலை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி யோசித்தபடி போய்க்கொண்டிருந்தது. முட்டையிட மண் தேடி மரத்தை விட்டு இறங்கும் பெண்கள் இப்படித்தான் அகப்பட்டுக்கொள்கின்றன. நம் வெயிலில் அதற்கு எலும்பு நோய் எங்கே வரப்போகிறது. வண்டிச் சக்கரம்தான் வரும், அல்லது விஷம் என்று நினைத்து எறிகிற கல். காரை நிறுத்தி, ஒரு வேப்பங்குச்சியை முன்னால் நீட்டினேன். ஏறிக்கொண்டது. புளியமரத்தடியில் கொண்டுவிட்டபோது நன்றாகச் சீறியது.

ஆலிவை மிச்சிகனில் நண்பர் ஒருவர் பொறுப்பில் விட்டிருந்தோம். திருநெல்வேலிக்காரர், நாய் வளர்த்தவர், பாசக்காரர். விளக்கு, தண்ணீர், பொடி எல்லாம் தாளில் எழுதிக் கூண்டில் ஒட்டியிருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு வாட்ஸப்பில் வீடியோ அழைப்பு. பதறி எடுத்தால், கூண்டுக்கு முன்னால் அவர் முகம்.

“அண்ணாச்சி, கறுகறுன்னு ஆயிட்டு. வாயப் பொளந்துக்கிட்டு மேல பாயுது. தெனமும் வந்து கொஞ்சிக்கிட்டுத்தாம்ல இருக்கேன், என்ன செய்யன்னு தெரியல. டாக்டர்ட்ட கொண்டுபோவட்டா?”

“சாப்பிட்டுச்சா?”

“அதெல்லாம் அஞ்சாறு பூச்சி காலி.”

“அப்ப கொஞ்சறத நிறுத்திட்டுக் கதவச் சாத்துங்க தம்பி. நல்லா இருக்கு.”